கேரட் பாத்திக்கு நஞ்சில்லாக் காவல்

உண்ணும் பகுதி மண்ணுக்கு மேலே காய்க்கும் பயிரைக் காப்பதும், மண்ணுக்குள்ளேயே பருத்து விளையும் பயிரைக் காப்பதும் ஒன்றல்ல. கத்தரியிலோ வெண்டையிலோ புழு விழுந்தால் அது கண்ணுக்குத் தெரியும். சொத்தைக் காயைக் கிள்ளி எறிந்துவிட்டு அடுத்த காய்ப்புக்குக் காத்திருக்கலாம். கேரட்டிலோ ஒரு விதைக்கு ஒரு கிழங்குதான். அது ஏறத்தாழ மூன்று மாதம் மண்ணில் மறைந்திருந்து, பிடுங்கும் நாளில்தான் தன் நலத்தையும் கேட்டையும் காட்டுகிறது. அந்த மூன்று மாதமும் பாத்தி மண்ணில் விழுந்ததெல்லாம் அதன் தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. அதைப் பலர், குறிப்பாகக் குழந்தைகள், வேகவைக்காமல் பச்சையாகவே கடித்துத் தின்கிறார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, வீட்டுத் தோட்டத்துக் கேரட்டைப் பூச்சிகளிடமிருந்து எவ்வாறு காப்பது என்ற கேள்விக்கான விடையில் பாதி கிடைத்துவிடுகிறது: மண்ணில் நஞ்சைக் கொட்டிக் காப்பாற்றிய கிழங்கு, உண்பவருக்குப் பயன்படும் வகையில் காப்பாற்றப்பட்டதாகாது.

பரமத்தி வேலூர் வட்டாரம் கேரட்டுக்குப் பெயர்பெற்றதன்று. நாமக்கல் மாவட்டத்தில் காவிரியின் வடகரையில் அமைந்த இவ்வூரைச் சுற்றி, ஜேடர்பாளையத்தில் ஆற்றிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலின் பாசனத்தில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்பும் செழிக்கின்றன. வாய்க்கால் நீர் எட்டாத மேட்டு நிலங்களில் மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் விளைகின்றன. கடைத்தெருவில் விற்கும் கேரட் பெரும்பாலும் மலையில் விளைந்து கீழே இறங்கி வருவது. எனினும் ஆற்றோரத்து மணல் கலந்த வண்டல் மண், கிழங்கு நேராக இறங்குவதற்கு ஏற்ற பொலபொலப்பைக் கொண்டிருப்பதால், புறக்கடையில் இரண்டு பாத்தி அளவுக்குக் கேரட் போட்டுப் பார்க்க விரும்புவோருக்கு இவ்வட்டாரத்தில் வாய்ப்பு உண்டு. அவ்வாறு போடுவோர் முதலில் அறிய வேண்டியது, தம் மண்ணில் கேரட்டுக்குப் பகை எது, எது பகையன்று என்பதே.

வெளிநாட்டுத் தோட்டக் கையேடுகளைப் படித்துவிட்டு இங்கே கேரட் போடுவோர் முதலில் அஞ்சுவது ‘கேரட் ஈ’ எனப்படும் பூச்சிக்கு. ஐரோப்பா, வட அமெரிக்கா, நியூசிலாந்து போன்ற குளிர் நாடுகளில் கேரட்டின் தலையாய எதிரி அதுவே. கேரட் தழையின் மணத்தைக் கொண்டு பாத்தியைக் கண்டறியும் பெண் ஈ, செடியின் அடியில் மண்ணில் முட்டையிடும். அதிலிருந்து வரும் வெண்மஞ்சள் புழு கிழங்கின் மேற்பரப்பில் துரு நிறக் கோடுகளாகத் துளைத்துச் செல்லும். அந்த ஈ தரையை ஒட்டியே தாழப் பறப்பதால், பாத்தியைச் சுற்றி ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தடுப்புக் கட்டுவது அந்நாடுகளின் வழக்கம். மண் சூடேறிக் கிடக்கும் தமிழகச் சமவெளி அந்த ஈக்கு உரிய இடமன்று; எனவே அதற்காகச் சொல்லப்பட்ட தடுப்புகளையும் ஊடுபயிர்களையும் அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே செய்வது வீண் உழைப்பு. ஆனால் அந்த ஈயின் வரலாற்றிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

நஞ்சு எங்கே போய்ச் சேர்ந்தது

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஆல்ட்ரின், டீல்ட்ரின் ஆகிய குளோரின் சார்ந்த பூச்சிக்கொல்லிகள் பிரிட்டனில் கேரட் ஈக்கு எதிராக மண்ணிலும் விதையிலும் இடப்பட்டன. காலப்போக்கில், அந்த நஞ்சைத் தாங்கும் ஈக்கள் தோன்றிவிட்டன. அத்துடன், கொழுப்பில் கரையும் இயல்புடைய இத்தகைய நஞ்சுகளை மண்ணிலிருந்து ஈர்த்துத் தன் தோலில் தேக்கி வைப்பதில் கேரட் ஏனைய காய்கறிகளை விட முன்னிற்கிறது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்தது. அவற்றுக்கு மாற்றாக வந்த பாஸ்பரஸ் சார்ந்த பூச்சிக்கொல்லிகள் மண்ணில் விரைவில் சிதைவன என்று கருதப்பட்டன. ஆயினும் ஒரே வயலில் பிடுங்கிய கேரட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, சிலவற்றில் சராசரியை விடப் பல மடங்கு எச்சம் இருந்தது கண்டறியப்பட்டு, 1995ஆம் ஆண்டில் கேரட்டின் தலையை வெட்டித் தோலைச் சீவிவிட்டு உண்ணுமாறு பிரிட்டன் அரசு மக்களுக்கு அறிவுரை கூற நேர்ந்தது. பயிரைக் காக்க இட்ட மருந்தின் காரணமாக, அந்தப் பயிரின் தோலையே உண்ணாமல் கழிக்கச் சொல்லும் நிலை வந்தது.

இந்தியாவிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. மண்ணில் வாழும் பூச்சிகளுக்கு என்று பல பயிர்களில் ‘குருணை மருந்து’ என்ற பெயரில் தூவப்பட்ட ஃபோரேட், அதன் கடும் நச்சுத்தன்மை காரணமாக 2018ஆம் ஆண்டு ஆணையின்படி 2020 டிசம்பர் 31 முதல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. வேரின் வழியே உறிஞ்சப்பட்டுச் செடி முழுவதும் பரவுவதே இத்தகைய குருணை மருந்துகளின் செயல்முறை. வேரையே உணவாக உண்ணும் பயிரில் அதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. வாழைக்கோ கரும்புக்கோ வாங்கி வைத்து மிஞ்சிய மருந்தில் ஒரு கைப்பிடியைக் காய்கறிப் பாத்தியிலும் தூவிவிடும் வழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் அது இன்றே நிறுத்தப்பட வேண்டியது.

பருவமே முதல் காவல்

கேரட் கிழங்கு நன்கு நிறம் பிடித்து இனிப்பேறுவது 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில். சேலம், நாமக்கல் சமவெளிகளில் மார்கழி, தை மாத இரவுகள் மட்டுமே அந்த அளவை நெருங்குகின்றன. ஆகவே ஐப்பசி அடைமழை ஓய்ந்து, கார்த்திகையில் மண் பதமாகும்போது விதைத்து, மாசி முடிவதற்குள் பிடுங்கிவிடுவதே இங்கு ஏற்ற கால அட்டவணை. இது விளைச்சலுக்கு மட்டுமன்றிப் பூச்சிக் காவலுக்கும் அடிப்படை. பங்குனி வெயிலில் வாடி நிற்கும் செடியை அசுவினியும் செஞ்சிலந்தியும் எளிதில் வெல்கின்றன. பனிக்காலத்தில் ஊக்கமாக வளரும் செடியோ, தழையில் சிறிது சேதம் நேர்ந்தாலும் அதை ஈடுகட்டிக்கொண்டு கிழங்கைப் பெருக்கிவிடுகிறது.

விதைத் தேர்வும் இதைச் சார்ந்ததே. குளிர் நாட்டு வகைகள் சமவெளியில் வெளிறிக் குட்டையாகப் போகும் வாய்ப்பு அதிகம். வெப்பத்தைத் தாங்கும் வகைகளாகப் பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ‘அர்கா சூரஜ்’ என்பதையும், டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ‘பூசா விருஷ்டி’ என்பதையும் உருவாக்கியுள்ளன. எந்த வகையானாலும், கேரட் நாற்று நடும் பயிரன்று. பிடுங்கி நட்டால் ஆணிவேர் ஒடிந்து கிழங்கு கிளைத்துவிடும் என்பதால், ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திப் பொடியாக்கிய மேட்டுப் பாத்தியில், விதையை மணலோடு கலந்து வரிசையாகத் தூவி, முளைத்தபின் செடிக்குச் செடி 5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்குமாறு கலைத்துவிட வேண்டும். நெருக்கமாக நிற்கும் செடிகளின் நடுவே காற்றோட்டம் இல்லாத ஈரப்புழுக்கத்தில்தான் அசுவினி குடியேறுகிறது என்பதால் கலைத்தலும் ஒரு பூச்சிக் காவலே.

மண்ணுக்குள் இருக்கும் பகை

பாத்தி போடும் முன்பே மண்ணைக் கொத்திப் புரட்டி ஒரு வாரம் வெயிலில் காயவிடுவது பழைய உழவு வழக்கம். அதன் பயன் வேர்ப்புழு விஷயத்தில் தெளிவாகத் தெரியும். கோடை மழை விழுந்த இரவுகளில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, வேம்பு, முருங்கை போன்ற மரங்களின் தழையைத் தின்னும் பழுப்பு வண்டுகளின் இளம்பருவமே வேர்ப்புழு. வெண்ணிற உடலும் பழுப்புத் தலையும் கொண்டு, வளைந்து சுருண்டு கிடக்கும் இது, கையில் எடுத்தால் அரைவட்டமாகவே இருக்கும். இது பயிர் வேர்களைக் கடித்துத் தின்பதால் செடி காரணம் தெரியாமல் வாடும். கொத்தும்போது வெளிப்படும் புழுக்களை மைனாவும் கரிச்சானும் காகமும் பொறுக்கித் தின்றுவிடும். பறவைகள் வந்து இறங்கும்படி புரட்டிய மண்ணைத் திறந்து போட்டு வைப்பதே போதும்.

குப்பைக் குழியில் காணப்படும் பெரிய வெண்புழுக்கள் பெரும்பாலும் வேறோர் இனத்தைச் சேர்ந்தவை. தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்களாகிய அவை, மட்கும் எருவைத் தின்று வளர்வன. கேரட்டைத் தாக்குவன அல்ல. ஆயினும் அவற்றை எருவோடு அள்ளிப் பாத்தியில் போடுவது, தென்னைக்குப் பகையை வளர்த்து விடுவதாகும். குழியைக் கிளறும்போது பொறுக்கி அழிப்பதும், மெட்டாரைசியம் எனப்படும் பச்சைப் பூஞ்சையை எருக்குழியில் கலந்து வைப்பதும் இதற்கான வழிகள். இந்தப் பூஞ்சை புழுவின் தோலில் முளைத்து, உடலுக்குள் இறங்கி, அதைக் கொன்றபின் பச்சைத் தூளாகப் படர்வது.

நாமக்கல் மாவட்டத்தில் கோழிப்பண்ணைகள் மிகுதியாக இருப்பதால் கோழி எரு எளிதில் கிடைக்கிறது. ஆனால் பச்சையான கோழி எருவைக் கேரட் பாத்தியில் இடுவது இரு வகையில் கேடு: அது ஈக்களை ஈர்க்கிறது, மிகையான தழைச்சத்து செடியை மென்மையாகத் தழைக்க வைத்து அசுவினிக்கு விருந்தாக்குவதோடு, கிழங்கைக் கிளைக்கவும் வெடிக்கவும் செய்கிறது. மாதக்கணக்கில் மட்கி, சூடும் நாற்றமும் அடங்கி, கையில் அள்ளினால் உதிரும் பதத்துக்கு வந்த எருவையே இட வேண்டும். அதையும் முந்தைய பயிருக்கு இட்டுவிட்டு, அதன் எஞ்சிய சத்தில் கேரட்டைப் போடுவது இன்னும் நன்று.

பூச்சி இனத்தைச் சேராவிட்டாலும், வேர்முடிச்சு நூற்புழுவை இங்கு விட்டுவிட முடியாது. நுண்ணோக்கியில் மட்டுமே காணக்கூடிய இந்தப் புழு வேருக்குள் நுழைந்து முடிச்சுகளை உண்டாக்குகிறது. அதனால் தாக்கப்பட்ட கேரட் மயிர்வேர் மண்டி, இரண்டாக மூன்றாகப் பிளந்து வளர்கிறது. இதைப் பூச்சி கடித்ததாக எண்ணி மருந்து தேடுவோர் பலர். வெற்றிலைக்கும் வாழைக்கும் கத்தரிக்கும் தக்காளிக்கும் இதே நூற்புழு பகையாகும். ஆதலால் கொடிக்கால் அழித்த இடத்திலோ வாழை வெட்டிய இடத்திலோ கேரட்டை உடனே போடாமல், இடையில் ஒரு பருவம் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்த்து, பூப்பறித்து முடிந்தபின் செடியை அங்கேயே மடக்கிக் கொத்திவிடுவது பயன்தரும். செண்டுமல்லியின் வேரில் உள்ள வேதிப்பொருள் நூற்புழுவை ஒடுக்குவது ஆய்வில் நிறுவப்பட்ட உண்மை.

தழைமேல் வரும் பகை

முளைத்த முதல் மூன்று வாரத்தில் அஞ்ச வேண்டியது வெட்டுப்புழுவுக்கு. பகலில் மண்ணுக்குள் பதுங்கி, இரவில் வெளிவந்து, இளஞ்செடியைத் தரைமட்டத்தில் நறுக்கிவிட்டு அங்கேயே மண்ணுக்குள் திரும்பிவிடும் சாம்பல் நிறப் புழு இது. காலையில் செடி சாய்ந்து கிடக்கும் இடத்தில் விரலால் ஒரு அங்குலம் மண்ணைக் கிளறினால், சுருண்டு கிடக்கும் புழு அகப்படும். சிறு பாத்திக்கு இதைவிடச் சிறந்த முறை வேறில்லை.

செடி வளர்ந்தபின் தழையைத் தின்பவற்றில் முதன்மையானது, உழவர்கள் புரோடீனியா என்று கூறும் புழு. இதன் தாய் அந்துப்பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, தன் உடலின் பழுப்பு மயிரைக் கொண்டு மூடிவிடும். அந்தக் குவியல் இலையின்மேல் ஒட்டிய பஞ்சுத் துணுக்கு போலத் தோன்றும். ஆமணக்கின் அகன்ற இலை இதற்கு மிக உகந்தது என்பதால், பாத்தியின் ஓரங்களில் இரண்டு மூன்று ஆமணக்குச் செடிகளை வளர்த்து, வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பார்த்து, முட்டைக் குவியலோ அரித்த சல்லடைபோன்ற பகுதியோ தெரிந்தால் அந்த இலையையே கிள்ளி எரித்துவிட வேண்டும். பகையைத் தன்பால் ஈர்த்து முதன்மைப் பயிரைக் காக்கும் இத்தகைய செடிக்குப் பொறிப்பயிர் என்று பெயர். ஒரு முட்டைக் குவியலைக் கிள்ளுவது, பின்னால் வரவிருக்கும் நூற்றுக்கணக்கான புழுக்களை ஒரே கணத்தில் நீக்குவதாகும்; எந்தத் தெளிப்பு மருந்தும் அவ்வளவு துல்லியமாகச் செயல்படாது.

சாறுறிஞ்சிகளில் அசுவினியே கேரட்டுக்கு முக்கியமானது. தண்டின் கணுவிலும் இளந்தழையின் அடியிலும் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும் இது, தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைத் தேன்போன்ற கழிவாக வெளியேற்றுகிறது. அந்தக் கழிவைத் தேடி எறும்புகள் வருகின்றன. வந்தவை, தமக்கு உணவு தரும் அசுவினியை அதன் எதிரிகளிடமிருந்து காவல் காக்கின்றன. ஆகவே கேரட் பாத்தியில் எறும்பு வரிசை தெரிந்தால், எறும்பை மட்டும் நோக்காமல், அது ஏறிச் செல்லும் செடியின் தழையைத் திருப்பிப் பார்ப்பதே முறை. அசுவினி சில செடிகளில் மட்டும் இருக்கும்போது, கைத்தெளிப்பானால் வேகமாக நீரைப் பீய்ச்சினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும்; உதிர்ந்தவற்றுள் பல திரும்ப ஏறுவதில்லை. எறும்புப் புற்றைக் கிளறி நீர் விட்டு இடம்பெயரச் செய்துவிட்டால், எஞ்சியதை எதிரிகள் பார்த்துக்கொள்ளும்.

அந்த எதிரிகளை அடையாளம் காணத் தெரிவதுதான் வீட்டுத் தோட்டக்காரருக்கு வேண்டிய தலையாய கல்வி. சிவப்பு முதுகில் கரும்புள்ளிகள் கொண்ட பொறிவண்டைப் பெரும்பாலோர் அறிவர். ஆனால் அதன் புழுப்பருவம் கருத்து நீண்டு, ஆறு கால்களுடன், மஞ்சள் புள்ளிகளோடு, சிறு முதலை வடிவில் முரடாக இருப்பதால், பயிரைத் தின்ன வந்த புழு என்று எண்ணி அதை நசுக்கிவிடுகின்றனர். உண்மையில் வண்டைப் போலவே அந்தப் புழுவும் ஏராளமான அசுவினிகளைத் தின்கிறது. அதுபோலவே, அசுவினிக் கூட்டத்தின் நடுவே சில மட்டும் அசையாமல், உப்பி, வெண்கல நிறத்தில் காகிதம்போல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். உருப்பெருக்கியால் பார்த்தால் சிலவற்றின் முதுகில் ஊசியால் குத்தியதுபோல் வட்டத் துளை தெரியும். அசுவினியின் உடலுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று வளர்ந்து, துளையிட்டு வெளியேறிய ஒட்டுண்ணிக் குளவியின் தடம் அது. அத்தகைய கூடுகள் பல தெரிந்தால், அந்தப் பாத்திக்குத் தெளிப்பு தேவையில்லை என்று துணிந்து முடிவு செய்யலாம்.

இந்த நன்மைப் பூச்சிகளை வரவழைக்க, கேரட் பாத்தியைச் சுற்றித் தட்டைப்பயறு விதைப்பது சிறந்த வழி. தட்டைப்பயறில் வரும் கறுப்பு அசுவினி பெரும்பாலும் பயறுவகைச் செடிகளையே நாடுவது. கேரட்டுக்கு மாறுவது அரிது. அதைத் தின்ன வரும் பொறிவண்டுகள் அங்கே பெருகி, கேரட்டில் அசுவினி தோன்றும் வேளையில் அருகிலேயே ஆயத்தமாக நிற்கும். கொத்தமல்லியைப் பூக்க விட்டால் அதன் தேனுக்காகச் சிறு குளவிகளும் மலர் ஈக்களும் வரும் என்பது உண்மையே. ஆனால் கொத்தமல்லியும் கேரட்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டையும் தாக்கும் அசுவினி இனமும் உண்டு என்பதால், அதைப் பாத்தியை ஒட்டி விதைக்காமல் சற்றுத் தள்ளி விதைப்பது நன்று.

ஏத்தாப்பூர் காட்டிய வழி

ஒரு சிறு குளவி எவ்வளவு செய்ய முடியும் என்ற ஐயத்துக்கு, சேலம், நாமக்கல் சமவெளியே அண்மைக் காலத்தில் இருமுறை விடை கண்டிருக்கிறது. இரண்டும், இப்பகுதியின் பெரும் கிழங்குப் பயிரான மரவள்ளியோடு தொடர்புடையவை. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மூலப்பொருளாகவும், குச்சிக்கிழங்கு என்ற பெயரில் வேகவைத்து உண்ணும் உணவாகவும் விளங்கும் மரவள்ளிக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த மாவுப்பூச்சிகள் பேரிடரை உண்டாக்கின.

முதலாவது, பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இது 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் காணப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பல செடிகளில் வெண்பஞ்சாகப் படர்ந்தது. உடல்மேல் உள்ள மெழுகுப் பூச்சு மருந்தைத் தடுத்ததால், மீண்டும் மீண்டும் தெளித்தும் பயனில்லை. தெளித்த மருந்து அதன் எதிரிகளையே அழித்தது. 2010ஆம் ஆண்டில், இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று வழங்கும் பெங்களூரு நிறுவனம், அந்த மாவுப்பூச்சியின் இயற்கை எதிரிகளான மூன்று ஒட்டுண்ணிக் குளவி இனங்களைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் பெற்றுப் பெருக்கியது. அவற்றுள் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாகவும் மாநிலமெங்கும் விடப்பட, மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கியது.

இரண்டாவது, மரவள்ளிக்கே உரிய மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இது 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, மரவள்ளியையே அன்றாட உணவாகக் கொண்ட மக்களைப் பஞ்சத்தின் விளிம்புக்குத் தள்ளியது. அதன் பிறப்பிடத்திலேயே அதற்கு எதிரி இருக்க வேண்டும் என்று தேடியபோது, 1981ஆம் ஆண்டில் பராகுவேயில் மாவுப்பூச்சியும், அதில் முட்டையிடும் அனகைரஸ் லோப்பெசி என்ற குளவியும் கண்டறியப்பட்டன. அந்தக் குளவியை ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பிய பணிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ஹெரன், 1995ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசைப் பெற்றார். இதே மாவுப்பூச்சி 2020ஆம் ஆண்டில் கேரளத்தின் திருச்சூரில் காணப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மரவள்ளித் தோட்டங்களுக்குள் பரவியது. உச்சிக் குருத்து முட்டைக்கோசுபோல் திரண்டு, கணுக்கள் குறுகி, தண்டு முறுக்கிக்கொண்டு நின்ற செடிகளில் கிழங்கு பருக்கவில்லை. ஆப்பிரிக்காவில் வென்ற குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்து, 2022 மார்ச் மாதத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாகத் திறந்த வெளியில் விட்டனர். அங்கிருந்து உழவர்களின் தோட்டங்களுக்கு அது கொண்டுசெல்லப்பட்டது.

மிகச் சிறிய அந்தக் குளவியால், மனிதர் நூறு முறை தெளித்தும் எட்டாத இடத்தை எட்ட முடிகிறது; குருத்தின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பூச்சியைத் தேடிக் கண்டுபிடிப்பதே அதன் வாழ்க்கை. ஆனால் தெளிப்பு மருந்தின் முன் அது மாவுப்பூச்சியை விட மிக மெலிந்தது. ஆகவே நன்மைப் பூச்சியை விட்டிருக்கும் இடத்தில் கடும் நஞ்சைத் தவிர்க்குமாறு ஆராய்ச்சியாளர் அறிவுறுத்துவது, அந்த முறை முழுவதும் நிற்கும் அடித்தளத்தையே சுட்டுவதாகும்.

கடைசியாக எடுக்க வேண்டிய தெளிப்பு

பருவம், மண், கலைத்தல், பொறிப்பயிர், கையால் நீக்கல் ஆகிய அனைத்தையும் செய்தபின்னும் பூச்சி மிஞ்சினால், வேப்பங்கொட்டைச் சாறு உதவும். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்கள், வேப்பங்கொட்டைப் பருப்பின் கரைசலைத் தெளித்த பயிரை வெட்டுக்கிளிக் கூட்டமும் தின்னாமல் விடுவதை 1962ஆம் ஆண்டளவிலேயே காட்டினர். அதன் முதன்மை வேதிப்பொருளான அசாடிராக்டின் 1968ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. அது பூச்சியின் பசியை அடக்குவதோடு, பூச்சி தோலுரித்து அடுத்த பருவத்துக்கு மாறுவதையும் குலைக்கிறது.

வீட்டளவுக்கு, 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்காகச் சிறிது காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் 5 சதச் சாறு கிடைக்கும். வெயிலில் அதன் வீரியம் குறைந்துவிடும் என்பதால் மாலையில், அன்றே கரைத்ததை, தழையின் அடிப்பக்கம் நனையுமாறு தெளிக்க வேண்டும். தெளித்த மறுநாளும் பூச்சி உயிரோடு இருப்பதைக் கண்டு பயனில்லை என்று முடிவு கட்டக் கூடாது. தின்பதை நிறுத்திய பூச்சி சாவதற்குச் சில நாட்கள் ஆகும். பொறிவண்டின் இளம்புழுக்களுக்கும் இது சிறிது கேடு செய்யக்கூடும் என்பதால், பாத்தி முழுவதும் நனைக்காமல், அசுவினி மொய்த்த செடிகளுக்கு மட்டும் தெளிப்பதே முறை. வாய்க்கால் கரையில் வளரும் நொச்சி, ஆடாதொடை ஆகியவற்றைக் கொண்டு பூச்சிவிரட்டி காய்ச்சுவோர், பச்சையாக உண்ணும் கேரட்டுக்காக என்றால் ஊமத்தையையும் புகையிலையையும் அதில் சேர்க்கக் கூடாது. செடியிலிருந்து வந்ததாயினும் அவை மனிதருக்கும் கடும் நஞ்சே.

இவற்றோடு, பறந்து வரும் பூச்சிகளை முளைத்த நாள் முதலே தடுக்க, வளைத்து ஊன்றிய மூங்கில் சிம்புகளின்மேல் நுண்கண் வலையைப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைத்து வைக்கலாம். பனிக்காலத்தில் மட்டும் இது ஏற்றது. வெயில் ஏறும்போது வலைக்குள் வெப்பம் தேங்கும். கிழங்கின் தோள் மண்ணுக்கு மேல் தெரியத் தொடங்கும்போது மண் அணைப்பதையும் மறக்கக் கூடாது. வெயில்பட்டால் அது பச்சை நிறமாகிக் கசக்கும் என்பதோடு, கடித்துத் துளைக்கும் வண்டுகளுக்குத் திறந்த வாயிலாகவும் ஆகிவிடும். பூச்சியை அடையாளம் காண முடியாதபோது, செடியைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குச் செல்வதை விட, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ நாடுவது நன்மை தரும்.

இரண்டு பாத்திக் கேரட்டுக்கு இவ்வளவு கருத்துச் செலுத்த வேண்டுமா என்று கேட்கலாம். வேலிக்கு அப்பால் மரவள்ளியும் பப்பாளியும் கொடிக்காலும் இருக்கும் ஓர் ஊரில், எந்தப் புறக்கடையும் தனித்து நிற்பதில்லை. ஒரு வீட்டில் தெளித்த நஞ்சு, பக்கத்துத் தோட்டத்து மாவுப்பூச்சியைத் தேடிப் பறக்கும் குளவியைக் கொல்லும். ஒரு வீட்டில் பூக்கவிட்ட கொத்தமல்லியும் விதைத்த தட்டைப்பயறும், அதே குளவிக்கும் பொறிவண்டுக்கும் புகலிடம் ஆகும். பெருந்தோட்டக்காரர் விலையையும் கடனையும் எண்ணி அவசரப்பட நேரலாம். இரண்டு பாத்தி வைத்திருக்கும் குடும்பத்துக்கு அத்தகைய நெருக்கடி இல்லை. சில கிழங்குகளை இழந்தாலும் பொறுத்திருந்து பார்க்கும் வசதி அதற்கு உண்டு. அந்த வசதியைப் பயன்படுத்தி நஞ்சைத் தவிர்க்கும் ஒவ்வொரு வீடும், தன் குழந்தை கடித்துத் தின்னும் கேரட்டோடு ஊரின் கிழங்குப் பயிரையும் சேர்த்தே காக்கிறது.